சீடர் சதுப்பில் ஒரு ஹனிசக்கிள் புதர்: வெட்டுவதா, விடுவதா?

சீடர்க்கொல்லை (பெட்டோஸ்கி, மிச்சிகன்)
ஜூன் 9

எல்லாருக்கும் வணக்கம். ஒரு புதரை அடையாளம் காண உதவி வேண்டும். வெட்ட வேண்டிய செடியா, விட வேண்டிய செடியா என்று தெரியாமல் கத்தரியை மடக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்து இதை எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்பு பெட்டோஸ்கிக்கு வெளியே ஒரு பழைய வீடு வாங்கினோம். வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து போய் ஒரு சீடர் சதுப்பில், அதாவது சீடர் என்ற ஊசியிலை மரங்கள் நிற்கும் சதுப்பில், முடியும். ஒன்றரை ஏக்கர் இருக்கும். மேலே சாலையோரம் காய்ந்த மண். இறங்க இறங்கக் கால் பொதக்கென்று உள்ளே போகும். சரிவின் அடியிலிருந்து ஊற்றுநீர் கசிந்துகொண்டே இருக்கிறது. ஜூலை வெயிலிலும் அதில் கை வைத்தால் விரல் விறைக்கும். வெள்ளை சீடர் மரங்கள், நடுவே நாலைந்து டாமராக் மரங்கள், தரை முழுக்கப் பாசி. இந்த இடத்துக்காகத்தான் வீட்டையே வாங்கினோம் என்று சொல்லலாம்.

போன இலையுதிர் காலத்தில், செடிகளைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஹனிசக்கிள் நிறைய ஏறியிருக்கிறது. வெளியிலிருந்து வந்த களை. ஒன்று விடாமல் வெட்டி, கட்டையில் களைக்கொல்லி தடவுங்கள்" என்றார். சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். மே தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணி நேரம். இதுவரை 40 புதர்களுக்கு மேல் வெட்டியாயிற்று. சாலையோரத்தில் ஆரம்பித்து, சரிவு வழியாக இறங்கி, ஈர மண் தொடங்கும் இடம் வரை வந்துவிட்டேன்.

நேற்று முதல் முறையாக ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சதுப்புக்குள்ளேயே போனேன். அங்கே, விழுந்து கிடந்த ஒரு சீடர் மரத்தின் பக்கத்தில் இந்தப் புதர். உயரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, டேப் வைத்து அளந்தேன், 1.1 மீட்டர். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே. நீளவாக்கில் இருக்கின்றன, நுனி கூர்மையாக இல்லை. பெரிய இலை ஐந்தரை சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலம். இலைக்காம்பு இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தை விரலால் தடவினால் பீச் பழத்தின் தோல் மாதிரி.

பூ இப்போது இருக்கிறது. இலைக்கோணத்திலிருந்து மெல்லிய காம்பு ஒன்று நீண்டு வருகிறது, அதன் நுனியில் இரண்டு பூக்கள் ஒன்றை ஒன்று ஒட்டி. வெளிர் மஞ்சள். ஒவ்வொரு பூவும் வாயைத் திறந்த மாதிரி மேலுதடும் கீழுதடுமாகப் பிரிந்திருக்கிறது. நான் வெட்டிய புதர்களிலும் இப்படி ஜோடி ஜோடியாகத்தான் பூ இருந்தது. அதனால்தான் குழப்பம்.

செல்பேசியில் ஒரு செயலியில் மூன்று படம் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு மாரோ ஹனிசக்கிள் என்றது, ஒன்றுக்கு ஃப்ளை ஹனிசக்கிள் என்றது, மூன்றாவதுக்கு டாக்வுட் என்றது.

என் கையைத் தடுத்தது வேறு ஒரு விஷயம். மேலே நான் வெட்டிய புதர்களின் அடியில் ஒரு புல்கூட இருக்காது. வெறும் மண், காய்ந்த சருகு. இந்தப் புதரின் காலடியில் பாசி இருக்கிறது, பூச்சி பிடிக்கும் ஜாடிச்செடி ஒன்று இருக்கிறது, சின்னச் சின்ன சீடர் கன்றுகள்கூட இருக்கின்றன. களையாக இருந்தால் இப்படி இருக்குமா? இது தப்பான கேள்வியாகவும் இருக்கலாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஒஹாயோ தோட்டக்காரன்
ஜூன் 9

வணக்கம் மேடம். இலை எதிரெதிரே, அடியில் மயிர், ஜோடிப் பூ, வெளிர் மஞ்சள். எனக்கு இது மாரோ ஹனிசக்கிள் என்றுதான் படுகிறது. சின்னதாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள் என்பேன்.

நான் இப்படி உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் காட்டின் அடித்தளம் முழுவதும் ஆமூர் ஹனிசக்கிள் பிடித்துவிட்டது. ஆமூர், மாரோ, டாட்டாரியன் மூன்றும் ஆசியாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த புதர்கள். பறவைகளுக்குத் தீனி, மண் அரிப்பைத் தடுக்கும் என்று சொல்லி அரசாங்கத்தின் மண் பாதுகாப்புத் துறையே ஒரு காலத்தில் ஆமூரை நடச் சொன்னது. இப்போது 2018 முதல் ஒஹாயோவில் இந்த மூன்றையும் விற்கத் தடை.

ஏன் இவ்வளவு மோசம் என்றால், வசந்தத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் துளிர்க்கும். இலையுதிர் காலத்தில் எல்லாம் உதிர்ந்த பிறகும் நவம்பர் வரை பச்சையாக நிற்கும். அடியில் முளைக்கும் காட்டுப்பூக்களுக்கு வெயில் கிடைக்கும் நாட்களே அந்த முன்னும் பின்னும்தான். அதை இது தின்றுவிடும். நீங்கள் சொன்ன வெறும் மண் அதனால் வருவதுதான்.

உங்கள் புதர் இன்னும் சிறியது, அதனால் அடியில் பாசி மிச்சம் இருக்கலாம். ஐந்து வருடம் விட்டுப் பாருங்கள், இருக்காது. மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள்.


நீர்க்கரை அக்கா (ஒன்டாரியோ)
ஜூன் 10

தங்கச்சி, கத்தரியை வைத்தது நல்லது. அங்கேயே இருக்கட்டும்.

ஒஹாயோ தம்பி சொன்னது அவருடைய ஊருக்குச் சரி. அவருடைய காட்டில் புதர் ஹனிசக்கிள் என்று ஒன்றைக் கண்டால் அநேகமாக வெளியாள்தான். மிச்சிகனின் வடக்கிலும் எங்கள் ஒன்டாரியோவிலும் அப்படி இல்லை. இங்கே சொந்த மண்ணின் புதர் ஹனிசக்கிள்களே சில இருக்கின்றன, அவையும் ஜோடி ஜோடியாகத்தான் பூக்கும். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு ஸ்வாம்ப் ஃப்ளை ஹனிசக்கிள் ஞாபகம்தான் வந்தது. தாவரவியல் பெயர் லோனிசெரா ஆப்லாங்கிஃபோலியா. ஆனால் ஞாபகத்தை வைத்து ஒரு செடியின் உயிரைத் தீர்மானிக்கக் கூடாது. நாலு விஷயம் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலாவது, தண்டின் சோறு. பள்ளிக்கூடத்தில் பித் என்று படித்திருப்பீர்கள். தண்டின் நடுவில் மெத்தென்று இருக்குமே, அது. போன வருடத்துக் கொப்பு ஒன்றைப் பென்சில் பருமனில் எடுத்து வெட்டுங்கள். வெட்டும் இடம் முக்கியம்: இரண்டு கணுக்களுக்கு நடுவில் வெட்ட வேண்டும். கணுவில் எல்லா ஹனிசக்கிளும் நிறைந்துதான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். இந்த வருடத்துப் பச்சைக் குருத்தும் வேண்டாம். மாரோ, டாட்டாரியன், ஆமூர் மூன்றுக்கும் நடுவில் ஓட்டை இருக்கும், ஓட்டையின் சுவர் பழுப்பாக இருக்கும், பேனா ரீஃபில் மாதிரி. நம் மண்ணின் புதர்களுக்கு நடுவில் வெள்ளைச் சோறு நிறைந்திருக்கும், தெர்மோகோல் அடைத்த மாதிரி. ஒரு வெட்டில் பாதிக் கேள்வி முடிந்துவிடும்.

இரண்டாவது, ஜோடிப் பூவைத் தாங்கும் காம்பின் நீளம். மாரோவுக்கு அது குட்டை, ஒன்றரை சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். ஸ்வாம்ப் ஃப்ளைக்கு இரண்டு முதல் நாலு சென்டிமீட்டர் வரை போகும். காற்றடித்தால் பூ ஆடும்.

மூன்றாவதுக்குக் கைலென்ஸ் வேண்டும். பூவின் அடியில் இரண்டு சூலகங்கள் பச்சை மணி மாதிரி இருக்கும். அதை ஒட்டிச் சின்னச் செதில்கள் இருக்கின்றனவா என்று வடிவாகப் பாருங்கள். மாரோவில் அந்தச் செதில்கள் சூலகத்தில் பாதி உயரத்துக்கு நன்றாகத் தெரியும், ஓரத்தில் மயிரும் இருக்கும். ஸ்வாம்ப் ஃப்ளையில் மிக நுண்ணியதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

நாலாவது, பூவின் வயது. மாரோ வெள்ளையாகப் பூத்து, வாட வாட மஞ்சளாகும். ஒரே கொப்பில் வெள்ளையும் மஞ்சளும் கலந்து நிற்கும். உங்கள் புதரில் மொட்டே மஞ்சள் சாயலா என்று பாருங்கள்.

ஒஹாயோ தம்பி குழம்பியதில் ஆச்சரியம் இல்லை. ஸ்வாம்ப் ஃப்ளைக்கும் மாரோவுக்கும்தான் உருவ ஒற்றுமை அதிகம். இரண்டுக்கும் இலையின் அடியில் மென்மயிர், இரண்டுக்கும் உதடு பிரிந்த பூ. இலையை மட்டும் படம் பிடித்துப் போட்டால் நானும் தடுமாறுவேன்.

இன்னும் இரண்டு உறவுக்காரர்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இடத்தில் அவையும் இருக்க வாய்ப்பு உண்டு. ஒன்று மவுண்டன் ஃப்ளை ஹனிசக்கிள், லோனிசெரா வில்லோசா. முழங்கால் உயரம்தான். இலை குட்டையாக, மயிர் கரடாக இருக்கும். பூவுக்கு உதடு இல்லை, ஐந்து இதழ்களும் ஒரே மாதிரி, காம்பு மிகக் குட்டை. இரண்டு பூவும் சேர்ந்து ஒரே ஒரு நீலப் பழமாகும், பழத்தின் நுனியில் இரண்டு கண் மாதிரி வடு இருக்கும். அதைச் சாப்பிடலாம். சஸ்காச்சுவன் பல்கலைக்கழகத்தில் பெருக்கி எடுத்த ஹாஸ்கப் பழம் இதன் நெருங்கிய சொந்தம். மற்ற ஹனிசக்கிள் பழங்களை வாயில் வைக்க வேண்டாம்.

அடுத்தது அமெரிக்கன் ஃப்ளை ஹனிசக்கிள், லோனிசெரா கனடென்சிஸ். இது பெரும்பாலும் சதுப்புக்குள் இறங்காது, சரிவில், மர நிழலில் நிற்கும். இலை முட்டை வடிவம், காம்பு தெளிவாகத் தெரியும், இலையின் விளிம்பில் கண்ணிமை மாதிரி மயிர் வரிசை. எல்லாவற்றுக்கும் முன்னால் பூத்து முடித்துவிடும். நீங்கள் சரிவு வழியாக வெட்டிக்கொண்டு இறங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிக்கும்போது மனம் திக்கென்றது. வெட்டிய கொப்புகளை எங்காவது குவித்து வைத்திருந்தால், அவற்றையும் ஒவ்வொன்றாக வெட்டிப் பாருங்கள்.

உங்கள் ஊரின் பெயரே எனக்கு ஒரு தடயம். பெட்டோஸ்கிக் கல் என்று கடற்கரை மாதிரி இருக்கும் அந்த ஏரிக்கரையில் பொறுக்குவார்களே, அறுகோணம் அறுகோணமாக, மிச்சிகனின் மாநிலக் கல். அது டெவோனியன் என்ற மிகப் பழைய புவியியல் காலத்துப் பவளம், சுண்ணாம்பாக இறுகியது. உங்கள் மண்ணுக்கு அடியில் அந்தச் சுண்ணாம்புப் பாறைதான். அதன் வழியாக ஊறி வரும் நீரில் புளிப்பு இருக்காது, சுண்ணாம்பு இருக்கும். வெறும் மழைநீர் தேங்கும் புளிப்புச் சதுப்பு வேறு, இப்படிக் குளிர்ந்த சுண்ணாம்பு நீர் ஊறும் சதுப்பு வேறு. வெள்ளை சீடருக்கும் ஸ்வாம்ப் ஃப்ளைக்கும் பிடித்தது இந்த இரண்டாவது வகை. நீங்கள் கை விறைக்கும் என்று எழுதிய அந்த ஊற்றுதான் இந்தப் புதரை அங்கே வைத்திருக்கிறது.

களைக்கொல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரப் பகுதிக்குள் அந்தப் போத்தலைக் கொண்டு போகாதீர்கள். நீர் அருகே பயன்படுத்த ஒப்புதல் பெற்ற வகை தனியாக உண்டு, தண்ணீர் நிற்கும் இடத்தில் அடிக்க உங்கள் மாநிலத்தில் அனுமதியும் வாங்க வேண்டும்.


கையளவு காடு (நியூ ஜெர்சி)
ஜூன் 10

பெயரைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை, ஏனென்றால் நானே இதில் ஒரு முழு வசந்தத்தை வீணாக்கியிருக்கிறேன். எங்கள் பக்கம் "ஸ்வாம்ப் ஹனிசக்கிள்" என்று கேட்டால் வேறு ஒரு செடியைக் காட்டுவார்கள். அது அசேலியா, ரோடோடெண்ட்ரான் விஸ்கோசம். வெள்ளைப் பூ, பிசுபிசுப்பு, நல்ல வாசனை, சதுப்பில்தான் வளரும். ஆனால் இலை எதிரெதிரே இருக்காது, மாறி மாறி வரும். அதே மாதிரி "புஷ் ஹனிசக்கிள்" என்ற பெயரில் நர்சரியில் டியர்வில்லா விற்பார்கள். அதுவும் இந்த மண்ணின் செடிதான், இலை எதிரெதிரேதான், ஆனால் இலை விளிம்பில் பல் பல்லாக இருக்கும். லோனிசெராவுக்கு விளிம்பு வழவழப்பு.

அக்கா தாவரவியல் பெயரையும் சேர்த்து எழுதியது அதனால்தான் நல்லது. லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்கு 16-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் மருத்துவர் ஆடம் லோனிட்சரின் பெயரை வைத்தார். ஆப்லாங்கிஃபோலியா என்றால் நீள்வட்ட இலை. இதை முதலில் விவரித்து எழுதியவர் ஜான் கோல்டி என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1819-இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றிச் செடி சேர்த்தவர். கோல்டி பெரணி என்று ஒரு பெரிய பெரணி இருக்கிறதே, அதுவும் அவர் பெயர்தான்.


சீடர்க்கொல்லை
ஜூன் 15

பார்த்துவிட்டு வந்தேன். அக்கா சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒப்பிட்டுப் பார்க்க, சாலையோரத்தில் நான் இன்னும் வெட்டாத ஒரு பெரிய புதரிலிருந்து பென்சில் பருமனில் ஒரு குச்சி எடுத்தேன். கணுவுக்குக் கணு நடுவில் வெட்டினேன். ஓட்டை. உள்ளே பழுப்பு. ஒரு முனையில் வாயை வைத்து ஊதினேன், கணு இருந்ததால் காற்று போகவில்லை. கணுவை வெட்டி எறிந்துவிட்டு ஊதினேன், மறுபக்கம் வைத்திருந்த கன்னத்தில் காற்றுப் பட்டது என்று என் மகள் கத்தினாள்.

அப்புறம் சதுப்புக்குள் போனோம். இந்தப் புதரில் ஏற்கெனவே ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்த ஒரு குச்சி கிடைத்தது, உயிரோடு இருப்பதை வெட்ட மனம் வரவில்லை. கத்தரியை வைக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டினேன். வெள்ளை. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, நகத்தால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகிறது. மூன்று இடத்தில் வெட்டிப் பார்த்தேன், மூன்றிலும் வெள்ளை. மகள் ஊதிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை.

பூக்காம்பு பத்து ஜோடியை அளந்தேன். மிகக் குட்டையானது 2.2 சென்டிமீட்டர், மிக நீளமானது 3.4. செதில்: லென்ஸில் பார்த்தேன், பச்சை மணிகள் இரண்டும் வழுவழுவென்று இருக்கின்றன, அடியில் ஒட்டிக்கொண்டு புள்ளி மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான். சாலையோரப் புதரில் செதில் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. மொட்டும் வெளிர் மஞ்சள்தான். வெள்ளைப் பூ ஒன்றுகூட இல்லை.

ஆக நாலும் பொருந்துகிறது. அதே இடத்தைச் சுற்றி இன்னும் ஆறு புதர்கள் இருக்கின்றன. போன சனிக்கிழமை எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. இலையைத் தெரிந்துகொண்ட பிறகு மற்றவை தாமாகவே கண்ணில் படுகின்றன.

இப்போது எழுதக் கஷ்டமான பகுதி. வெட்டிய கொப்புகளை வேலியோரம் குவித்து வைத்திருக்கிறேன். அக்கா சொன்னபடி ஒவ்வொன்றாக எடுத்து வெட்டிப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. எல்லாம் ஓட்டை, ஓட்டை, ஓட்டை. குவியலின் மேலே, அதாவது கடைசியாக, சரிவின் கீழ்ப்பகுதியில் வெட்டியவற்றில், மூன்று கொப்புகள் வெள்ளை. வெட்டிய கட்டைகளோடு பொருத்திப் பார்த்ததில் அவை இரண்டு புதர்கள் என்று தெரிந்தது. இலை காய்ந்து சுருண்டிருந்தது. தண்ணீரில் ஊறப்போட்டு விரித்தேன். முட்டை வடிவம், காம்பு உண்டு, விளிம்பில் மயிர் வரிசை.

ஒரு கட்டையில் களைக்கொல்லி தடவியிருக்கிறேன். மற்றதில் இல்லை. அன்றைக்குப் போத்தல் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் தடவலாம் என்று விட்டிருந்தேன்.


நீர்க்கரை அக்கா (ஒன்டாரியோ)
ஜூன் 15

சதுப்புக்குள் நிற்பது ஸ்வாம்ப் ஃப்ளைதான். சந்தேகமே இல்லை. ஏழு புதர்கள் இருப்பது கேட்க எவ்வளவு சந்தோஷம்!

குவியலில் இருந்தது அமெரிக்கன் ஃப்ளை. காம்பும் விளிம்பு மயிரும் போதும். மருந்து தடவாத கட்டையை அப்படியே விடுங்கள். அதற்கு வேர் இருக்கிறது, துளிர்க்கலாம். பக்கத்தில் ஏதாவது அடையாளம் வையுங்கள், யாரும் மிதிக்காமல்.

உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம், தங்கச்சி. நாற்பதில் முப்பத்தெட்டு சரியாகத்தான் வெட்டியிருக்கிறீர்கள். அந்த வேலையும் தேவையான வேலை. இங்கே சீடர் மெழுகுச்சிறகன் என்று ஒரு பறவை இருக்கிறது, வால் நுனியில் மஞ்சள் பட்டை போட்டிருக்கும். 1960-களிலிருந்து சிலவற்றுக்கு அந்தப் பட்டை ஆரஞ்சாக வரத் தொடங்கியது. இறகு முளைக்கும் நேரத்தில் மாரோ பழத்தைத் தின்பதுதான் காரணம், அதில் இருக்கும் சிவப்பு நிறமி இறகில் ஏறிவிடுகிறது. ஒரு புதர் வந்து ஒரு பறவையின் வால் நிறத்தையே மாற்றிவிட்டது. அதனால் மேலே இருக்கும் மாரோவை விட்டுவிடாதீர்கள். வெட்டும் முன் ஒரு குச்சி, அவ்வளவுதான் வித்தியாசம்.


ஒஹாயோ தோட்டக்காரன்
ஜூன் 16

மேடம், நான் அவசரப்பட்டு வெட்டச் சொன்னதற்கு மன்னியுங்கள். படத்தைக்கூடக் கேட்காமல் சொல்லிவிட்டேன். நேற்று எங்கள் பக்கத்துப் பூங்காவில் வேலை நடந்தபோது, வெட்டிப் போட்டவற்றில் 12 குச்சி எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டும் ஓட்டைதான். ஆனாலும் இனி பார்த்துவிட்டுத்தான்.

ஒரு யோசனை. வெட்ட வேண்டியதற்கு ஒரு நிறத்திலும் விட வேண்டியதற்கு வேறு நிறத்திலும் நாடா கட்டிவிடுங்கள், பூ இருக்கும் இப்போதே. இலையுதிர் காலத்தில் நீங்களோ, உதவிக்கு வருகிறவர்களோ வெட்டும்போது பூ இருக்காது. இன்னொரு விஷயம், அக்டோபர் கடைசியில் ஒரு தடவை சரிவைச் சுற்றி வாருங்கள். மற்ற புதர்களெல்லாம் மொட்டையாக நிற்கும்போது பச்சையாக நிற்பது எதுவோ, அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.


சீடர்க்கொல்லை
ஆகஸ்ட் 3

நீண்ட நாள் கழித்து வருகிறேன். படம் சேர்த்திருக்கிறேன், படம் தெரியாதவர்களுக்காக எழுதியும் விடுகிறேன்.

ஏழு ஸ்வாம்ப் ஃப்ளை புதர்களிலும் நீல நாடா கட்டியிருக்கிறோம். நாலில் பழம் பிடித்திருக்கிறது. நீளக் காம்பின் நுனியில் இரண்டு பழங்கள், அடியில் ஒன்றோடொன்று லேசாக ஒட்டி, மேலே பிரிந்து. ஒவ்வொன்றும் பட்டாணி அளவுகூட இல்லை. போன வாரம் ஆரஞ்சு, இன்றைக்குச் சிவப்பு. வெயிலுக்கு எதிரே பிடித்தால் உள்ளே விதை நிழலாகத் தெரிகிறது. காலையில் போனால் சில காம்புகளில் பழம் இல்லை, யாரோ முன்னாலேயே வந்துவிட்டார்கள். அந்த மெழுகுச்சிறகனா என்று தெரிய நாளைக்கு விடியற்காலை போய் உட்காரப் போகிறேன்.

மவுண்டன் ஃப்ளையைத் தேடினோம், எங்கள் ஒன்றரை ஏக்கரில் அது இல்லை. மேலே சாலையோரத்தில் ஆரஞ்சு நாடா 23 புதர்களில். ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி வெட்டி, ஓட்டையைப் பார்த்த பிறகுதான் கட்டினோம். அது மகளுடைய வேலை, ஊதிப் பார்க்காமல் கட்ட விடமாட்டாள்.

சரிவின் கீழே இருந்த இரண்டு கட்டைகள். மருந்து தடவியது கறுத்துவிட்டது, பட்டை உரிந்து வருகிறது. மற்றது ஜூலை முதல் வாரம் வரை சும்மாதான் இருந்தது. நான் நம்பிக்கையை விட்டிருந்தேன். போன சனிக்கிழமை சருகை விலக்கிப் பார்த்தபோது, வேர் பக்கத்திலிருந்து இரண்டு துளிர். பெரியது 12 சென்டிமீட்டர், சின்னது ஏழு. நாலு ஜோடி இலை. மண்டியிட்டு லென்ஸை வைத்துப் பார்த்தேன், இலை விளிம்பில் அந்த மயிர் வரிசை, பின்னாலிருந்து வெயில் பட்டு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

சின்னத் துளிரின் நுனி இலை பாதி இல்லை, மான் கடித்திருக்கிறது. கம்பி வலை வாங்கி வைத்திருக்கிறேன், இன்று மாலை அதைச் சுற்றிக் கட்ட வேண்டும்.